இபிஏபிஎக்ஸில் வாய்ஸ் மெயில் இணைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வாய்ஸ் மெயிலை, அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸோடு இணைத்து முடித்ததும் பலர் செய்யும் சோதனை ஒன்றுதான். பக்கத்து மேசையிலிருந்து டயல் செய்து "ஹலோ, டெஸ்ட்" என்று பேசுவார்கள், பதிவாகியிருக்கிறதா என்று கேட்பார்கள், கேட்டால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். குரல் பதிவாவதில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. அழைப்பு யாருக்காக வந்தது, பேசியவர் எப்போது போனை வைத்தார், செய்தி வந்திருப்பது உரியவருக்கு எப்படித் தெரியும் என்ற மூன்று விஷயங்களில்தான் வருகிறது. குரலோடு இந்தத் தகவல்களும் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே போய்வர வேண்டும். இணைப்பு வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

முதலில், யாருக்காக வந்தது என்பது. 214-ஆம் எக்ஸ்டென்ஷனை (உள் இணைப்பு போனை) யாரும் எடுக்கவில்லை, கால் வாய்ஸ் மெயில் போர்ட்டுக்கு (அதன் லைன் இணைப்புக்கு) தாவுகிறது. அனலாக் போர்ட்டுக்கு வருவது வெறும் மணி மட்டுமே. அதில் 214 என்ற தகவல் கிடையாது. போர்ட் எடுத்தவுடன் இபிஏபிஎக்ஸ் சில டிடிஎம்எஃப் இலக்கங்களை (போன் பொத்தானை அழுத்தினால் வரும் ஒலிகளை) அனுப்பித்தான் அதைச் சொல்கிறது. எடுக்காததால் வந்த காலுக்கு ஒரு முன்னொட்டு, பிஸியால் வந்ததற்கு இன்னொன்று, ஊழியர் தன் செய்தியைக் கேட்க நேராக அழைத்தால் வேறொன்று, அதன் பின்னால் எக்ஸ்டென்ஷன் எண். இந்த வரிசை மாடலுக்கு மாடல் மாறும். போன சைட்டில் ஓடிய டெம்ப்ளேட்டை அப்படியே இங்கே ஏற்றுவது முதல் தவறு. வரிசை பொருந்தாவிட்டால், அழைத்தவரிடமே "மெயில்பாக்ஸ் எண்ணை அழுத்தவும்" என்று இயந்திரம் கேட்கும். வாடிக்கையாளருக்கு அந்த எண் எப்படித் தெரியும்? போனை வைத்துவிடுவார்.

வரிசை சரியாக இருந்தும் நேரம் தப்பலாம். வாய்ஸ் மெயில் கேட்கத் தயாராகும் முன்பே இலக்கங்கள் வந்துவிட்டால் முதல் இலக்கம் விழுந்து, 214 என்பது 14 ஆகிவிடும். வாய்ஸ் மெயில் போர்ட்டின் இணைப்பைக் கழற்றி, லைன்மேன் டெஸ்ட் போனை அதே கம்பி ஜோடியில் (பேரில்) மாட்டி, 214-ஐ அழைத்து, கால் தாவி வரும்போது எடுத்துக் கேளுங்கள். எத்தனை இலக்கம் வருகிறது, எடுத்த எத்தனை நொடியில் வருகிறது என்பது காதிலேயே விழும்.

டிடிஎம்எஃபுக்குப் பதிலாக எஸ்எம்டிஐ என்ற முறையில் தனி சீரியல் கேபிள் வழியாகத் தகவல் வரும் பழைய அமைப்புகளில் இன்னும் மோசமான தவறு ஒன்று நடக்கும். எத்தனையாவது போர்ட்டில் யாருக்கான கால் வருகிறது என்று இபிஏபிஎக்ஸ் கேபிளில் சொல்கிறது. குரல் தனியாக இன்னொரு பேரில் வருகிறது. எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் எம்டிஎஃப் சட்டத்தில் மூன்றாவது பேரும் நான்காவது பேரும் இடம் மாறியிருந்தால், மேலாளருக்கான செய்தி வேறொருவர் பெட்டியில் போய் விழும். ஒரு கால் மட்டும் போட்டுச் சோதித்தால் இது தெரியாது; கால் பெரும்பாலும் முதல் போர்ட்டிலேயே விழும். எல்லாப் போர்ட்டையும் ஒரே நேரத்தில் நிரப்பிப் பார்த்தாலே வெளிப்படும். அடுத்தவர் செய்தியை இன்னொருவர் கேட்பது சின்ன விஷயமில்லை, இந்தச் சோதனையை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள்.

நெட்வொர்க் வழியாகக் கால் போகும் சிப் (SIP) இணைப்பில் இந்தத் தகவல் டைவர்ஷன் அல்லது ஹிஸ்டரி இன்ஃபோ என்ற ஹெட்டரில் (காலோடு வரும் தகவல் வரியில்) வரும். ஒரு பக்கம் ஒன்றை அனுப்பி மறுபக்கம் மற்றதைத் தேடினால் மறுபடியும் பொதுவான அறிவிப்புதான் ஒலிக்கும். 214-இலிருந்து 220-க்குத் தாவி, அங்கும் எடுக்காமல் வந்த காலை யார் பெட்டியில் போடுவது என்பதை அலுவலகத்தாரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது போனை வைத்த கதை. அழைத்தவர் வைத்துவிட்டார் என்பதை அனலாக் போர்ட் பெரும்பாலும் பிஸி டோனைக் கேட்டுத்தான் புரிந்துகொள்கிறது. இந்தியாவில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலித்து 0.75 நொடி நிற்கும். அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து, அரை நொடி ஒலித்து அரை நொடி நிற்கும். பல மென்பொருள்கள் அமெரிக்க அமைப்போடுதான் வருகின்றன. அதை மாற்றாமல் விட்டால் நம்மூர் டோன் அதற்கு வெறும் சத்தம். செய்தியின் வாலில் நிமிடக்கணக்கில் "பீ... பீ..." பதிவாகும், போர்ட் விடுபடாது, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் போர்ட்டும் மாட்டிக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அதனாலேயே காரணத்தை யாரும் தேடுவதில்லை.

ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில் டோன் ஸோனை (எந்த நாட்டு டோன் என்ற அமைப்பை) இந்தியாவுக்கு மாற்றினால் மட்டும் போதாது. பிஸி டிடெக்டையும் ஆன் செய்து பேட்டர்னை 750, 750 (மில்லி நொடி) என்று கொடுக்க வேண்டும். அதற்கும் முன், உங்கள் இபிஏபிஎக்ஸ் உள்ளே கொடுக்கும் டோன் வெளி எக்ஸ்சேஞ்ச் டோனைப் போலத்தான் இருக்கிறதா என்று ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து அளந்து பாருங்கள். எதிர்முனை வைத்ததும் லைன் கரன்டைச் சற்று நேரம் துண்டித்துக் காட்டும் வசதி இபிஏபிஎக்ஸில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டோனைக் கேட்டுக் கண்டுபிடிப்பதைவிட அது நம்பகமானது. அந்தப் போர்ட்டுகளில் கால் வெயிட்டிங்கையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த பீப்பும் செய்தியில் பதிவாகும்.

செய்தி வந்திருப்பதை உரியவருக்குக் காட்டும் விளக்கு விஷயம் சுருக்கமானது. அனலாக் போனின் நியான் விளக்கு எரிய ஏறக்குறைய 90 வோல்ட் வேண்டும். எல்லா எக்ஸ்டென்ஷன் கார்டும் தராது. வாங்கும் முன் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு ஒலிக்கும் டயல் டோனே போதும். விளக்கை ஏற்றவும் அணைக்கவும் வாய்ஸ் மெயில் ஒரு கோடை டயல் செய்ய வேண்டியிருந்தால், அதற்கும் ஒரு காலி போர்ட் தேவை.

போர்ட் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் தலா ஒரு நிமிடம் நீளும் 40 கால் வந்தால் அது 0.67 எர்லாங் (ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால் அது ஒரு எர்லாங்). இரண்டு போர்ட் என்றால் எர்லாங் பி என்ற சூத்திரத்தின் கணக்கில் நூற்றில் 12 கால்களுக்கு இடம் கிடைக்காது. நான்கு வைத்தால் அது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

பணத்தையே கொண்டுபோகும் தவறு ஒன்று உண்டு. மெயில்பாக்ஸுக்குள் நுழைந்தவரை அங்கிருந்தே வெளியே டயல் செய்ய விடும் வசதி பல அமைப்புகளில் உண்டு. பின் எண் 1234 என்றோ எக்ஸ்டென்ஷன் எண்ணாகவோ இருந்தால், வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்து உங்கள் லைனில் வெளிநாட்டு எண்களை இரவு முழுக்க அழைக்கலாம். பில் உங்களுக்கு வரும். வாய்ஸ் மெயில் போர்ட்டுகளின் கிளாஸ் ஆஃப் சர்வீஸில் (எங்கெல்லாம் அழைக்கலாம் என்ற அனுமதி அமைப்பில்) எஸ்டிடி, ஐஎஸ்டி இரண்டையும் மூடிவிடுங்கள். மூன்று முறை தப்பான பின் எண் போட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளட்டும். வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டியை அன்றே நீக்குங்கள். பிறகு உங்கள் மொபைலிலிருந்து அலுவலக எண்ணை அழைத்து, உங்கள் பெட்டிக்குள் போய், வெளி லைன் எடுக்க முயலுங்கள். லைன் கிடைத்தால் அதை மூடாமல் சைட்டை ஒப்படைக்காதீர்கள்.