ஸ்ட்ரக்சுரல் டிசைனில் புதிதாக நுழைந்தவர்கள் வழிகாட்டியைத் தேடுவது எப்படி?

சிவில் முடித்து, டிசைன் ஆபீஸில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "மேடம், எனக்கு ஒரு மென்டர் வேண்டும். எங்கே தேடுவது?" அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: இந்த வாரம் எந்த டிராயிங்கில் வேலை செய்கிறீர்கள், அதில் உங்களுக்கு உறுத்துவது எது? இதற்குப் பதில் இருந்தால் தேடல் பாதி முடிந்தது. பதில் இல்லாமல் யாரிடம் போனாலும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவீர்கள், அவ்வளவுதான்.

முதலில், யாரைத் தேடுவது? முப்பது வருட அனுபவமுள்ள பெரிய கன்சல்டன்ட் பக்கம்தான் எல்லோருடைய கண்ணும் போகிறது. உங்களைவிட ஆறிலிருந்து பத்து வருடம் மூத்தவரைத் தேடுங்கள் என்பேன். ஈடேப்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் மாடல் போட்டு, ரிசல்டை நம்பலாமா கூடாதா என்று திணறிய நாட்கள் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. உங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க நேரமும் இருக்கும். அவர் உங்கள் ஆபீஸிலேயே இருந்தால் நல்லது. ஆனால் உங்களுக்கு நேரடி மேலதிகாரியாக இருப்பவரிடம் வேலை மாறலாமா, சம்பளம் சரியா போன்றவற்றை மனம்விட்டுப் பேச முடியாது. அதற்காகவே வெளியில் ஒருவர் வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. 1982இல் தொடங்கிய இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. 1920இல் தொடங்கிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸின் தமிழ்நாடு மையம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்இஆர்சியில், வேலையில் இருக்கும் இன்ஜினியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் நடக்கும். ஆபீஸில் கேட்டால் பல இடங்களில் கட்டணத்தைக் கட்டி அனுப்புவார்கள். இந்த இடங்களில் நடக்கும் கூட்டங்களில், உரை முடிந்ததும் பேச்சாளரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அங்கே போக வேண்டாம். கேள்வி நேரத்தில் எழுந்து சைட் அனுபவத்தோடு ஒரு நல்ல கேள்வி கேட்டாரே, அவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

சரி, ஆள் கிடைத்தாயிற்று. என்ன கேட்பது? "சார், என்னை கைட் பண்ணுங்க" என்று யாருக்கும் எழுதாதீர்கள். அதைப் படிப்பவருக்கு எவ்வளவு நேரம், எத்தனை மாதம், என்ன பொறுப்பு என்று எதுவும் புரியாது. நல்லவராக இருந்தாலும் பதில் போடத் தயங்குவார். பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை அனுப்புங்கள். இப்படி (கேன்டிலீவர் என்றால் ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது):

"வணக்கம் சார். சனிக்கிழமை கூட்டத்தில் பால்கனி விரிசல் பற்றிக் கேட்டீர்கள், நான் உங்கள் பின்வரிசையில் இருந்தேன். 1.5 மீட்டர் கேன்டிலீவர் ஸ்லாப் ஒன்று டிசைன் செய்கிறேன். பலத்துக்கு 125 மி.மீ. கனம் போதும் என்று கணக்கு வருகிறது. ஆனால் ஐஎஸ் 456இல் 23.2.1 பிரிவின்படி நீளத்துக்கும் எஃபெக்டிவ் டெப்த்துக்கும் உள்ள விகிதம் 7. மாடிஃபிகேஷன் ஃபேக்டர் 1.4 என்று எடுத்தாலும் எஃபெக்டிவ் டெப்த் 150 மி.மீ.க்கு மேல் வேண்டியிருக்கிறது. பீம் பக்கம் 200, நுனியில் 125 என்று சரிவாகக் கொடுக்க நினைக்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

இதில் நீங்கள் ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் விதிநூலைப் படித்தது தெரிகிறது, ஒரு முடிவுக்கு வந்ததும் தெரிகிறது. இப்படி ஒரு கேள்வி வந்தால் எந்த இன்ஜினியருக்கும் பதில் சொல்லக் கை துறுதுறுக்கும். கனத்தைப் பற்றி அவர் இரண்டு வரிதான் சொல்வார். அப்புறம் வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. பால்கனியில் மெயின் கம்பி மேலே இருக்கும். கான்கிரீட் போடுகிறவர்கள் அதன்மேல் நடந்தால் அது அமுங்கிக் கீழே போய்விடும், நீங்கள் கணக்கிட்ட எஃபெக்டிவ் டெப்த், அதாவது ஸ்லாபின் அடியிலிருந்து அந்தக் கம்பி வரை உள்ள உயரம், சைட்டில் இருக்காது. மேல் கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் சேர் கம்பியை டிராயிங்கிலேயே காட்டியிருக்கிறீர்களா? மேல் கம்பி உள் ஸ்லாபுக்குள் எவ்வளவு தூரம் போகிறது? முட்டு பிரிக்கும்போது நுனியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினீர்களா? சாஃப்ட்வேர் இதையெல்லாம் கேட்காது. இதைக் கேட்கும் மனிதருக்காகத்தான் இவ்வளவு தேடலும்.

ஒரு எச்சரிக்கை. ஆபீஸ் டிராயிங்கை வெளியே அனுப்பவே கூடாது. அது கம்பெனிக்கும் கிளையன்ட்டுக்கும் சொந்தம். கையால் ஒரு ஸ்கெட்ச் போட்டு, அளவை மட்டும் எழுதி, இடத்தின் பெயர் இல்லாமல் அனுப்புங்கள். மூத்தவர்கள் இந்த ஒழுங்கைக் கவனிப்பார்கள்.

பதில் கிடைத்ததும் நன்றி சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம். உறவு உருவாகும் இடமே இதற்கு அடுத்துத்தான் வருகிறது. மூன்று வாரம் கழித்து எழுதுங்கள்: "சேர் கம்பி காட்டினோம், கான்கிரீட் அன்று நானே போய்ப் பார்த்தேன், கம்பிக்கு மேல் கான்கிரீட் கவர் சரியாக வந்தது." போட்டோ எடுக்கச் சைட்டில் அனுமதி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். தான் சொன்னது ஒரு கட்டடத்தில் போய் உட்கார்ந்தது என்று தெரிந்த மனிதர் அடுத்த கேள்விக்குத் தானே நேரம் ஒதுக்குவார். இப்படி நான்கைந்து முறை போய்வந்த பிறகு, "மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பேசலாமா சார்?" என்று கேளுங்கள். அப்போது மறுப்பவர்கள் அபூர்வம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சந்திப்பை ஆபீஸ் நேரத்தில், அவருடைய ஆபீஸிலோ கூட்டம் நடக்கும் இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். அது சரிப்படாது என்று சொல்பவர் உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். சைட்டுக்குப் போகாதே, டிசைன் டேபிளோடு இருந்துகொள் என்று அன்பாகச் சொல்பவரும் வேண்டாம். சைட் பார்க்காமல் இந்தத் தொழிலில் வளர முடியாது, அதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சைட்டிலும் உங்களுக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கம்பி கட்டும் மேஸ்திரியிடம், "அண்ணா, இந்த பீம்-காலம் ஜாயின்ட்டில் கம்பி உள்ளே போகுதா?" என்று கேட்டுப் பாருங்கள். நாம் தாளில் எட்டு கம்பி வரைந்துவிடுவோம். அங்கே கான்கிரீட் இறங்க இடம் இருக்காது. அதை முதலில் பார்ப்பவர் அவர்தான். அவர் சொல்வதை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த டிராயிங்கில் மாற்றிவிட்டு அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைசியாக, வெளியே இருக்கும் வழிகாட்டி ஒன்று சொல்லி, உங்கள் சீனியர் வேறு சொல்லும் நாள் கட்டாயம் வரும். டிராயிங்கில் கையெழுத்துப் போடுபவர் உங்கள் ஆபீஸ்காரர், பொறுப்பும் அவருடையது. "வெளியில் ஒருவர் இப்படிச் சொன்னார்" என்று போய் நிற்காதீர்கள். கிடைத்த யோசனையை நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்த்து, உங்கள் சந்தேகமாகவே சீனியரிடம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொள்ளும்வரை டிராயிங்கில் எதையும் மாற்ற வேண்டாம்.