காற்றைப் பார்த்து வழியைத் தெரிவுசெய்யுங்கள்: யாழ்ப்பாணப் பரவைக்கடலோர ஓட்டப் பாதைகள்

யாழ்ப்பாணத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால் இங்கே ஓடுவது இலேசு என்று நினைத்துப் பண்ணைத் தாம்போதியில் (நீருக்குக் குறுக்கே போட்ட வீதி) இறங்குகிறவர்கள் திரும்பி வரும்போது நடந்துதான் வருகிறார்கள். பரவைக்கடலோரம் ஓடுகிறவருக்கு மலையின் வேலையைக் காற்று செய்கிறது. ஆகவே எத்தனை கிலோமீற்றர் என்பதைப் பிறகு யோசியுங்கள். முதலில் எந்தக் காற்று வீசுகிறது, எத்தனை மணிக்கு வெயில் ஏறும் என்று பாருங்கள்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து அடிக்கும், விடியற்காலையில் அடங்கியிருந்து வெயிலோடு பலக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை வாடை, வடகிழக்கிலிருந்து. பங்குனி சித்திரையில் காற்று விழுந்துவிடும். ஓடுவதற்கு மிகக் கடினமான மாதங்கள் அவைதான், ஏனென்றால் வியர்வை காயாது. பொது விதி ஒன்றுதான்: போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று. களைத்த காலுக்குக் காற்று உதவ வேண்டும்.

பண்ணை

தொடங்க நல்ல இடம் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய ஐங்கோணக் கோட்டை. அகழியைச் சுற்றியுள்ள வீதியிலும் பண்ணைக் கடற்கரை நடைபாதையிலும் விடியற்காலையில் நடப்பவர்கள் இருப்பார்கள். தனியாக ஓடும் பெண்களுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இதைத்தான் சொல்வோம். முதல் 10 நிமிடம் இங்கே மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தாம்போதியில் ஏறுங்கள்.

தாம்போதி கோட்டையடியிலிருந்து தென்மேற்காக மண்டைதீவுச் சந்தியை நோக்கிப் போகிறது. இரு பக்கமும் ஆழமில்லாத நீர், அதில் சிறகுவலைத் தடிகள், தோணிகள். யாழ்ப்பாணத்தில் விடியலைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியாது. தூரத்தை அளக்காமல் நேரத்தை அளந்து ஓடுங்கள்: 25 நிமிடம் போனால் திரும்புங்கள். சோளகக் காலத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். வாடைக் காலத்தில் போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும். வேகம் கூடியதை உடல்நலம் என்று எண்ணி இன்னும் தூரம் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் 25க்குப் பதிலாக 18 அல்லது 20 நிமிடத்தில் திரும்புங்கள். அல்லது அல்லைப்பிட்டி, மண்கும்பான் வரை காற்றோடு ஓடிவிட்டு, வேலணைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் திரும்புங்கள்.

முதுகுக்காற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. காற்றின் வேகமும் உங்கள் வேகமும் ஒன்றானால் உடம்பின்மேல் காற்றே படாது. வியர்வை ஆவியாகாமல் வழியும், சூடு ஏறும். சோளகத்தில் திரும்பும்போது வேகத்தைக் கூட்டாமல், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம், அதாவது வாகனங்களை எதிர்கொண்டு ஓட வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் காலையில் மண்டைதீவை நோக்கி ஓடும்போது உங்களுக்கு எதிரே பட்டினத்துக்கு வரும் சாரதிகளுக்குச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். நீங்கள் அவர்களைக் காண்பீர்கள், அவர்கள் உங்களைக் காணமாட்டார்கள். இங்கே சூரியன் உதிப்பது ஆனியில் 5.50 அளவில், தை மாதக் கடைசியில் 6.30 அளவில். அதற்குள் போகும் பாதியை முடிக்கும்படி புறப்படுங்கள். இருட்டில் புறப்படுவதால் ஒளி தெறிக்கும் மேலங்கியும் சிறிய டோர்ச்சும் கட்டாயம். லைட் இல்லாத சைக்கிள்கள் நிறைய வரும். திரும்பும்போது சூரியன் உங்கள் கண்ணில் அடிக்கும், அதற்குத் தொப்பி.

வீதியின் ஓரம் சரிந்திருப்பதையும் கவனியுங்கள். போகும்போதும் வரும்போதும் வலப்பக்கமே ஓடினால் வலக்கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். போய்த் திரும்புவதால் சமனாகிவிடாது. சில கிழமைகளில் முழங்காலின் வெளிப்பக்கமோ இடுப்போ நோகத் தொடங்குவது இதனால்தான். கிழமையில் இரண்டு நாளாவது கோட்டையைச் சுற்றியுள்ள சமதளத்தில் ஓடி, சுற்றும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கல்லுண்டாய்

நாவாந்துறை, காக்கைதீவு, கல்லுண்டாய் வெளி, அராலி என்று போகும் வீதி வாடைக் காலத்துக்கு ஏற்றது. போகும்போது காற்று முன்னாலும் வலப்பக்கத்திலும் அடிக்கும், வரும்போது பின்னாலிருந்து உதவும். அராலியில்தான் வழுக்கியாறு பரவைக்கடலில் சேர்கிறது. மாரி மழைக்குப் பிறகு மட்டுமே அதில் ஓட்டத்தைக் காணலாம். காக்கைதீவு மீன்சந்தையடியில் நாய்கள் கூட்டமாக நிற்கும்: ஓட்டத்தை நிறுத்தி, நேரே கண்ணைப் பார்க்காமல் நடந்து கடவுங்கள். கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள். குப்பை எரியும் மணம் வந்தால் அன்றைக்கு மேலே போக வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

ஆனி முதல் ஆவணி வரை கல்லுண்டாய் வெளியில் தரை காய்ந்திருக்கும்போது வீதியை விட்டு உப்புத்தரையில் ஓடலாம். காலுக்கு மிகவும் இதம். வெள்ளையாகப் பொருக்கு வெடித்த தரை உறுதியானது. கறுத்து மினுங்கும் இடத்தில் மேலே பொருக்கு, கீழே சேறு; கணுக்கால் வரை புதையும். ஒரு மழை பெய்தாலும் நாலைந்து நாள் பொறுங்கள்.

தனங்கிளப்பும் வல்லையும்

நீண்ட ஓட்டத்துக்கு நாவற்குழியிலிருந்து தனங்கிளப்பு, கேரதீவு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் வரையான ஏ-32 வீதியைப் போல் வேறொன்றில்லை. பாலம் 2011 இல் திறக்கப்பட்டது, நீளம் 288 மீற்றர். அதற்கு முன் பாதைப்படகுதான். வாடைக் காலத்தில் தனங்கிளப்பு நீர்ப்பரப்பில் வலசைப் பறவைகள் இறங்கும். ஆனால் கடை மிகக் குறைவு, நிழல் இல்லை, டிப்பர்கள் வேகமாக வரும். டிப்பர் கடக்கும்போது காற்று உங்களை இழுக்கும், ஓரத்தில் இறங்கி நின்றுவிடுங்கள். மன்னார் பஸ்ஸில் போய் இறங்கி வீட்டை நோக்கி ஓடுவது நல்லது.

வடமராட்சியில் வல்லை வெளியும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியடியும் அழகான இடங்கள். வல்லை வெளியில் பக்கக்காற்று பலம், மெல்லிய பெரிய சேட் காற்றில் பிடித்து இழுக்கும். உடம்போடு ஒட்டியதைப் போடுங்கள். சந்நிதியின் ஆவணித் திருவிழாக் காலத்தில் அந்தப் பக்கம் ஓட இடமிராது.

எந்த வழியிலும் பற்றைக்குள் குறுக்குவழி தேடாதீர்கள். ஆட்கள் நடக்கும் தடத்தில் மட்டும் ஓடுங்கள். மிதிவெடிப் பலகையைக் கண்டால் வந்த காலடியிலேயே திரும்புங்கள். இராணுவ முகாம் வாசல்களில் படம் எடுக்க வேண்டாம்.

தண்ணீரும் சப்பாத்தும்

தீவுப்பக்கக் கிணறுகள் பலவற்றில் உவர் நீர். எனவே ஒரு மணி நேரத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் வரை கையிலேயே கொண்டுபோங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் போதாது: ஒரு லீற்றருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது தேசிக்காய்ப் புளி. உப்பைக் கூட்டினால் வயிறு பிரட்டும். தலைச்சுற்று, குளிர் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் ஓட்டம் முடிந்தது. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க நனைத்து, அம்புலன்ஸ் இலக்கமான 1990 க்கு அழையுங்கள்.

உப்புச்சேறு பட்ட சப்பாத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காயவிட்டால் உப்புப் படிந்து துணி விறைத்து, குதிக்காலை உரசிப் புண்ணாக்கும். வெயிலில் வைத்தால் அடியின் பசை விட்டுவிடும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், ஈரமான தாளை இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள்.