சாட்சி மறுத்ததோடு குறுக்கு விசாரணை முடிவதில்லை

சட்ட மாணவர்களுக்குக் குறுக்கு விசாரணைப் பயிற்சி தருபவர்கள் அடுத்த வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். மூன்று பேரை எழுப்புங்கள்: ஒருவர் நேரில் பார்த்த சாட்சி, ஒருவர் எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) வக்கீல், மூன்றாமவர் வழக்கை விசாரித்த போலீஸ்காரரான புலன்விசாரணை அதிகாரி. அந்த மூன்றாவது ஆள்தான் முக்கியம். மாதிரி நீதிமன்றங்களில் பெரும்பாலும் அவரை விட்டுவிடுகிறார்கள்.

போலீஸிடம் "கம்பால் அடித்தார்" என்ற சாட்சி, கூண்டில் "அரிவாளால் வெட்டினார்" என்கிறார். வக்கீலாக நிற்கும் மாணவர் பழைய வாக்குமூலத்தின் அந்த வரியை அப்படியே படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். "போலீஸ் விசாரணையில் முரணாகச் சொன்னீர்கள்தானே?" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 148-வது பிரிவு கேட்பது இதைத்தான். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 145.

சாட்சி "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பார். மாணவர் வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்துவிடுவார். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது! போலீஸ் வாக்குமூலம் தானாகச் சாட்சியமாகாது. அதை எழுதிய அதிகாரி கூண்டேறும்போது, "கம்பால் அடித்ததாகத்தான் சாட்சி உங்களிடம் சொன்னாரா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகுதான் முரண்பாடு நிரூபணமாகும். இடையில் மாதங்கள் ஓடிவிடும், கேள்வி மறந்துபோகும். எதிரிக்குச் சாதகமான நல்ல முரண்பாடு இப்படி வீணாவது வேதனை.

அதனால் சாட்சி மறுத்த உடனே, வாக்குமூல நகலில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'பு.அ.' (புலன்விசாரணை அதிகாரி) என்று எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள். அப்புறம் அதிகாரி வரும் நாளில் சிவப்புக் குறிகளை மட்டும் வரிசையாகக் கேட்டால் போதும்.