இளைஞர் நீதிக் குழுமத்தின் முதல் அமர்வைக் கவனித்தல்: குமரி மாவட்டத் தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

குற்றம் செய்ததாகச் சொல்லி, பதினெட்டு வயது நிறையாத ஒருவரைக் காவல்துறை பிடித்தால், அவர் வீட்டுக்குப் போவாரா, விசாரணைக் காலத்தில் சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போவாரா என்பது பெரும்பாலும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முதல் அமர்விலேயே தெரிந்துவிடும். சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடிய அந்த அமர்வு சட்டப்படி நடக்கிறதா என்று பார்த்துக் குறித்து வைப்பதே இங்கே பேசப்படும் பணி. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சிறார் நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதால், தன்னார்வலர்கள் நேரே போய் உட்கார முடிகிறது. இங்கே அது முடியாது. வழக்கோடு தொடர்பில்லாத எவரும் விசாரணையின்போது அறையில் இருக்கக் கூடாது என்று, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. ஊர்க்காரர் நாலு பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பிள்ளையின் பெயர் மாலைக்குள் கருங்கல் சந்தைக்கு வந்துவிடும்.

ஆகவே உள்ளே போக முறையான வழி, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர்வதுதான். ஆணைக்குழு ஆள் சேர்க்கும்போது விண்ணப்பித்து, அவர்கள் தரும் பயிற்சியை முடித்தபின், இளைஞர் நீதிக் குழுமத்தில் பணியாற்ற விருப்பம் என்று எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகும் அறைக்குள் உங்களை அனுமதிப்பது குழுமத்தின் முடிவு. முதன்மை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்டது குழுமம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் காட்டிய இடத்தில் உட்காருங்கள். நீங்கள் இருப்பதால் பிள்ளை கூச்சப்படுகிறது என்று தோன்றினால், யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அனுமதி கிடைக்காத நாளிலும் தாழ்வாரத்தில் பார்க்க வேண்டியது நிறைய உண்டு.

தாழ்வாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளையைக் கூட்டி வந்த காவலரை. சிறார் வழக்குகளைக் கவனிக்கவென்று நியமிக்கப்பட்ட குழந்தை நலக் காவல் அலுவலர் வந்திருக்கிறாரா, சீருடையில் வந்தாரா, சாதாரண உடையிலா, கையில் விலங்கு இருந்ததா என்பவற்றைக் குறியுங்கள். சிறாருக்கு விலங்கு போடக் கூடாது. காவல் நிலைய அறையில் அடைத்து வைக்கவும் கூடாது. பிடித்த நேரத்திலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழித்துறையில் மாலை ஆறு மணிக்குப் பிடித்தவரை மறுநாள் ஆறு மணியைத் தாண்டிக் கொண்டுவந்தால், வண்டி ஓடிய நேரத்தைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். குழுமம் கூடாத நாள் என்பது சாக்கு ஆகாது, ஏனென்றால் தனி உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் நிறுத்தவும் சட்டம் இடம் தருகிறது. பிள்ளை சாப்பிட்டதா என்று அருகிலிருக்கும் தாயிடம் கேட்கலாம். என்ன செய்தான் என்று மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம்.

வயது அடுத்தது. பிளாஸ்டிக் உறைக்குள் பள்ளிச் சான்றிதழை வைத்துக்கொண்டு தாயார் ஒருவர் நிற்பார். அந்தத் தாள் உள்ளே மேசைக்குப் போகிறதா என்று பாருங்கள். வயதில் ஐயம் எழுந்தால், பள்ளிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதே வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை என்பதுதான் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு சொல்லும் வரிசை. சான்றிதழ் கையில் இருக்கும்போதே பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பினால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அறைக்குள் போனால், அமர்வின் உயிர்நாடி, ஜாமீன் பற்றிய அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு. மற்றவற்றைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். பெரியவர்களின் வழக்கில் ஜாமீன் கிடைக்குமா, கிடைக்காதா என்பது குற்றத்தின் தன்மையைப் பொறுத்தது. சிறாருக்கு அப்படியல்ல. குற்றம் எதுவானாலும், பிணையாளரோடோ பிணையாளர் இல்லாமலோ, அல்லது நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ தகுதியான ஒருவரின் பராமரிப்பிலோ விடுவிக்க வேண்டும் என்பதே விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்களே உண்டு: விடுவித்தால் அறியப்பட்ட குற்றவாளிகளோடு சேர நேரும், ஒழுக்கத்துக்கோ உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும். மறுக்கும்போது காரணத்தையும் அதற்கு வழிவகுத்த சூழ்நிலையையும் பதிவுசெய்ய வேண்டும். குற்றத்தின் கடுமை அந்த மூன்றில் இல்லை. எனவே “ஜாமீன் மறுக்கப்பட்டது” என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், காரணம் சொல்லப்பட்டதா, சொல்லப்பட்டால் எந்தச் சொற்களில் என்பதை அப்படியே எழுதுங்கள். என் கணிப்பில், ஒரு கவனிப்பாளரின் குறிப்பேட்டில் இந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது.

நம் மாவட்டத்துக்கென்றே கவனிக்க வேண்டிய சில உண்டு. தூத்தூர்ப் பக்கத்துப் பிள்ளையின் தகப்பனார் ஆழ்கடலுக்குப் போயிருந்தால், கரை திரும்ப வாரங்கள் ஆகலாம். விளவங்கோட்டுப் பிள்ளையின் தகப்பனார் வளைகுடாவில் இருக்கலாம். அப்பா வரவில்லை என்ற காரணத்தால் பிள்ளை இல்லத்துக்கு அனுப்பப்படுகிறதா, தாயையோ தாய்மாமனையோ ஏற்றுக்கொள்கிறார்களா என்று பாருங்கள். நிலத் தீர்வை ரசீதோடு பிணையாளர் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், பிணையாளர் இன்றியும் விடலாம் என்று சட்டம் சொல்வது வழக்கறிஞர் வாயிலிருந்து வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருங்கள். வழக்கறிஞரே இல்லையென்றால் அதையும் குறியுங்கள்; 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் குழந்தைகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. எல்லைப்புறப் பிள்ளை மலையாளம் கலந்து பேசினாலோ, வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளை தமிழே அறியாதிருந்தாலோ, சொல்வது பிள்ளைக்குப் புரிந்ததா, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்று எழுதுங்கள்.

குறிப்பேட்டில் பெயர், ஊர், பள்ளி, தெரு எதுவும் வேண்டாம். வரிசை எண்ணும் தேதியும் போதும். “தோவாளை பூ வியாபாரியின் இளைய மகன்” என்று எழுதுவதும் பெயர் எழுதுவதற்குச் சமம். பிள்ளையின் அடையாளத்தை ஊடகம் எதிலும் வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்அப் குழுவில் போடும் ஒரு வரியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கைப்பேசியை வெளியிலேயே அணைத்து வைப்பது நல்லது. அமர்வு நடக்கும்போது எழுந்து சட்டம் பேச வேண்டாம். உங்களுக்குத் தோன்றியதை வெளியே வந்தபின் சட்ட உதவி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆகிவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். அந்த ஏழாம் நாளைத் தேதியோடு குறித்து, சட்ட உதவி வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள். பிள்ளையின் குடும்பச் சூழலை நன்னடத்தை அலுவலர் விசாரித்துத் தரும் சமூக விசாரணை அறிக்கைக்கு இரண்டு வாரமும், விசாரணை முடிய நான்கு மாதமும் கெடு. விசாரணையை மேலும் இரண்டு மாதம் நீட்டலாம்.

மாதக் கடைசியில் குறிப்புகளைத் தொகுத்து ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். “மோசமாக நடந்தது” என்று எழுதாமல், இத்தனை அமர்வில் இத்தனையில் ஜாமீன் மறுப்புக்குக் காரணம் சொல்லப்படவில்லை, இத்தனை பேருக்கு வழக்கறிஞர் இல்லை என்று எண்ணிக்கையாகக் கொடுங்கள். குழுமத்தில் நிலுவையிலுள்ள வழக்குகளைத் தலைமைக் குற்றவியல் நடுவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்வதால், உங்கள் தொகுப்பை அந்த ஆய்வுக்கு முன்பே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.