சண்டை ரோபோ: சக்கரத்திலும் மோட்டாரிலும் செய்யும் தவறுகள்

மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற சக்கரத்தைத் தேடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ரோபோவின் எடையையும் சக்கரத்தின் விட்டத்தையும் முடிவு செய்த பிறகே மோட்டாரைப் பாருங்கள்.

1.36 கிலோ எடையுள்ள, இரண்டு சக்கரங்களில் ஓடும் ரோபோவை எடுத்துக்கொள்வோம். சக்கர விட்டம் 50 மி.மீ., மோட்டாரின் வேகம் கியர்பாக்ஸுக்குப் (சுழற்சியைக் குறைத்துத் திருப்புவிசையைக் கூட்டும் பற்சக்கரப் பெட்டி) பிறகு 1000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1000 சுற்று) என்றால், வேகம் நொடிக்குச் சுமார் 2.6 மீட்டர். சுமை ஏறினால் இது குறையும். அதே மோட்டாரில் 75 மி.மீ. சக்கரத்தை மாட்டினால் வேகம் ஒன்றரை மடங்காகும். ஆனால் மோட்டாரால் தரமுடிகிற தள்ளுவிசை மூன்றில் இரண்டு பங்காகிவிடும். வேகத்தை மட்டும் பார்த்துப் பெரிய சக்கரம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எதிராளியின் மீது முட்டி நிற்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழல வேண்டும், மோட்டார் நின்றுவிடக் கூடாது. நின்றுபோன மோட்டார் உச்ச மின்னோட்டத்தை இழுக்கும். அது முழுவதும் வெப்பமாக மாறி, சில நொடிகளிலேயே மோட்டாரோ வேகக் கட்டுப்படுத்தியோ கருகிவிடும். சக்கரத்தை வழுக்கவைக்கத் தேவையான திருப்புவிசையின் (டார்க்) கணக்கு எளிது. நல்ல ரப்பர் பிடிப்பில் உராய்வுக் கெழு 1 என்று வைத்தால், எடை 1.36 கிலோ, ஆரம் 2.5 செ.மீ.; பெருக்கினால் 3.4 கிலோ-செ.மீ. ஒரு சக்கரத்துக்கு 1.7. மோட்டாரின் ஸ்டால் டார்க் (நின்றுபோகும் நிலையில் அது தரும் உச்சத் திருப்புவிசை) இதைப்போல் குறைந்தது இரு மடங்காவது இருக்கட்டும்.

அடுத்தது ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. வட்டமான ஷாஃப்ட்டில் செட் ஸ்க்ரூவை (பக்கவாட்டிலிருந்து ஷாஃப்ட்டை அழுத்திப் பிடிக்கும் சிறு திருகு) வெறுமனே இறுக்கினால் முதல் அடியிலேயே ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஷாஃப்ட்டின் மீது வழுக்கிச் சுற்றும். ஸ்க்ரூ உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக ராவி, எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, நடுத்தர வலிமையுள்ள திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசைத் திரவம்) இடுங்கள். முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். பாலிகார்பனேட், ஏபிஎஸ் பாகங்களில் அந்தத் திரவம் பட்டால் விரிசல் விடும், கவனம்.

சக்கரம் கியர்பாக்ஸை விட்டு வெளியே தள்ளி நின்றால், பக்கவாட்டு அடியில் ஷாஃப்ட் வளையும். முடிந்தவரை ஒட்டி மாட்டுங்கள். இடமிருந்தால் வெளிமுனைக்கும் ஒரு பேரிங் கொடுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் சக்கரம் அடியை அப்படியே கியர் பற்களுக்குக் கடத்திவிடும். சிறிய ரோபோக்களுக்கு ஃபோம் சக்கரத்தையே நாங்கள் பரிந்துரைப்போம்: பாதி பிய்ந்துபோனாலும் ஓடும்.

மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் செயின் போட்டால் இரு ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒரே தளத்தில் இருக்கிறதா என்று நேரான கம்பியை வைத்துப் பாருங்கள். சட்டம் லேசாக வளைந்தாலும் செயின் கழன்றுவிடும். டைமிங் பெல்ட்டில் (உட்புறம் பற்கள் உள்ள பட்டை) சிறிய புல்லியைக் (பெல்ட் ஓடும் சக்கரம்) குறைந்தது ஆறு பற்களாவது கவ்வியிருக்க வேண்டும், இல்லையேல் பல் தாண்டும்.

நான்கு சக்கரம் என்றால், முன்பின் சக்கர இடைவெளி பக்கவாட்டு இடைவெளியைவிட நீளமாக வேண்டாம், திரும்பவே திணறும். கவிழ்ந்தாலும் ஓடவேண்டுமானால் சக்கர விட்டம் உடலின் உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஃபோம் தேயும் அளவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.