நினைவுச் சோதனைக்கு இயல்பு வரம்பு எடுக்கும்போது

72 வயது அம்மா ஒருவர், பள்ளிக்கூடம் போகாதவர். கடிகாரம் வரையுங்கள் என்று பென்சிலைக் கொடுத்தேன். அதை எப்படிப் பிடிப்பது என்று என் முகத்தையே பார்த்தார். ஆனால் நான் படித்துக் காட்டிய கதையை அரை மணி நேரம் கழித்து ஒன்று விடாமல் சொன்னார். கையில் இருந்த இயல்பு வரம்பு அட்டவணைப்படி, அதாவது நலமானவர்கள் எவ்வளவு மதிப்பெண் வாங்குவார்கள் என்று காட்டும் அட்டவணைப்படி, கடிகாரத்தில் அவருக்குக் கோளாறு! அந்த அட்டவணை படித்தவர்களை வைத்துப் போட்டது.

அதனால் நீங்கள் வரம்பு எடுக்கும்போது கணக்குக்கு முன்னால் ஆட்களைப் பாருங்கள். வயதும் படிப்பும் எல்லா அளவிலும் வர வேண்டும். நினைவையும் சிந்தனையையும் பார்க்கும் மான்ட்ரியல் சோதனையில் 12 ஆண்டும் அதற்குக் கீழும் படித்தவர்களுக்கு 1 மதிப்பெண் கூட்டுவார்கள். படிக்கவே படிக்காதவருக்கும் அதே 1 தான். எனக்கு அது போதவில்லை. தானாக முன்வருபவர்களை மட்டும் நம்பாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், நல்ல உடம்புக்காரர்கள்.

பக்கவாதம், தலைக்காயம், கடும் மனச்சோர்வு இருந்தால் சேர்க்க வேண்டாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று எல்லாரையும் விலக்கினால் மிஞ்சுவது ஊரில் இல்லாத ஆரோக்கியசாலிகள். அப்புறம் முக்கியமான ஒன்று: எந்தச் சோதனைக்கு வரம்பு எடுக்கிறீர்களோ, அதில் குறைவாக வாங்கியதற்காக யாரையும் நீக்கக் கூடாது. நீக்கினால் வரம்பு தானாக மேலே ஏறிவிடும், நலமானவர்கள் நோயாளியாவார்கள்.

சோதனை தொடங்கும் முன் கண்ணாடி, காது கேட்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சொற்களை எல்லாருக்கும் ஒரே வேகத்தில், நொடிக்கு ஒன்றாகப் படியுங்கள். விலங்குப் பெயர் சொல்ல 60 நொடி என்றால் 60 தான். பாவம் என்று 5 நொடி கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, கணக்கு. முதலில் மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். மணி வடிவம் வந்தால் சராசரியும் திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போதும். எண்களைக் கோடிட்டு இணைக்கும் சோதனையில் நேரம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எளிய சோதனையில் பாதிப்பேர் முழு மதிப்பெண் வாங்குவார்கள். அங்கெல்லாம் நூற்றுமானம்தான் சரி, அதாவது 100 பேரில் எத்தனை பேர் அந்த மதிப்பெண்ணுக்குக் கீழே என்ற கணக்கு. ஒவ்வொரு வயது-படிப்புக் கட்டத்திலும் நாலைந்து பேர்தான் என்றால் கட்டங்களை விட்டுவிட்டு, வயதையும் படிப்பையும் சேர்த்துத் தொடர்புப்போக்குச் சமன்பாடு (வயதையும் படிப்பையும் வைத்து எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைச் சொல்வது) போடுங்கள்.

5-ஆவது நூற்றுமானத்தை எல்லையாக வைத்தால் நலமான 20 பேரில் ஒருவர் கீழே விழுவார். ஒன்றையொன்று சாராத 10 சோதனைகள் வைத்தால், ஏதாவது ஒன்றிலாவது விழுபவர்கள் 100-க்கு 40 பேர். இதை அட்டவணையின் அடியில் எழுதிவிடுங்கள். தலைப்பில், யாரை, எந்த ஆண்டில், எந்த மொழியில் சோதித்தீர்கள் என்பதையும்.