எம்டன் வந்த இரவை ஆட்ட மேசைக்குக் கொண்டுவருவது எப்படி

பல்ப் சாகச ஆர்பிஜி (பழைய மலிவு விலைச் சாகசக் கதைகளின் பாணியில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை ஆட்டம்) ஆடுகிறவர்களிடம் கெய்ரோ, ஷாங்காய் என்று சொன்னாலே கண் விரியும். எனக்கு 1914-ன் சென்னை அப்படி. செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணிவாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து, தேடுவிளக்கை அடித்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஏறக்குறைய 130 குண்டுகள். 'அவன் சரியான எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பேச்சு பிறந்தது இப்படித்தான்.

முதல் தடவை இதற்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். உலகப்போர் ஏன் வந்தது என்பதில் தொடங்கி எல்லாம் இருந்தது. படித்து முடித்த பிளேயர் கேட்டது ஒன்றுதான்: "சரிண்ணா, நாங்க என்ன பண்ணணும்?" அதனால் வரலாற்றை எழுதாதீர்கள், கடிகாரத்தை எழுதுங்கள். ஒரே ஒரு தாள் போதும். இடப்பக்கம், யாரும் தலையிடாவிட்டால் எத்தனை மணிக்கு என்ன நடக்கும்: விளக்கு, முதல் குண்டு, தொட்டியில் தீ, கப்பல் கிளம்புவது. வலப்பக்கம் காலி. அது பிளேயர்கள் நிரப்ப வேண்டிய இடம்.

இடங்கள் மூன்று போதும்: துறைமுகம், எழும்பூர் ஸ்டேஷன், ஐகோர்ட். அப்போது கலங்கரை விளக்கம் ஐகோர்ட் கோபுரத்தின் மேலேயே இருந்தது. ஒரு கேரக்டரையாவது அங்கே ஏற்றிவிடுங்கள்.

துப்பு கொடுக்கும்போது நிஜத் தகவல் ஒன்றை யாராவது ஒரு கேரக்டரின் வாயில் போடுங்கள். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் யார்மத் போலத் தெரிவதற்காக நான்காவதாகப் போலி ஒன்றை நிறுத்தினார்கள். எம்டன் சிறைபிடித்த கப்பல்களின் மாலுமிகளைக் கபிங்கா என்ற கப்பலில் ஏற்றி விடுவித்தார்கள். என் ஆட்டத்தில் அப்படித் தப்பி வந்த ஒருவர், டீயை ஆற்றிக்கொண்டே, "நாலாவது துணிங்க, காத்துல ஆடுது" என்பார். மேசை அப்படியே நிமிர்ந்து உட்காரும்.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்தார் என்பதை வதந்தியாகவே வையுங்கள். பிளேயர் கையில் கொடுக்கும் வதந்திச் சீட்டாக அது அருமையாக வேலை செய்யும். நடந்ததையும் நீங்கள் கற்பனை செய்ததையும் வேறு வேறு மையில் எழுதுங்கள். அந்த இரவில் செத்தவர்கள் நிஜ மனிதர்கள், அவர்கள் சாவை டைஸ் உருட்டித் தீர்மானிக்காதீர்கள்.

புது விதிகள் இரண்டு போதும், இருட்டில் பார்க்க ஒன்று, ஊரை விட்டு ஓடும் கூட்டத்தில் நகர ஒன்று.

அப்புறம், ஆட்டம் ருசித்துவிட்டால் நவம்பர் 9-க்குத் தாவுங்கள். இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவருகே எம்டன் அழிகிறது. கரையில் இறங்கியிருந்த எம்டன் அதிகாரி ம்யூக்கெவும் ஐம்பது பேரும் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக் கிளம்புகிறார்கள். உங்கள் பிளேயர்களில் ஒருவர் அதில் ஒளிந்திருக்கட்டும்.